ஒன்லைன் பட்டமும் ஒரு முழுப்பக்க நன்றியும்

நான் கொலிஜை இரண்டாவது செமஸ்டரிலேயே விட்டவன். கனடாவில், ஸ்காபரோவில், கார் ரயர் மாற்றும் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஆனால் தலைமைத்துவம், நெறிமுறை, விளையாட்டு முகாமைத்துவம் என்று ஒரு டசின் பாடங்களில் A எடுத்தவனும் நான்தான். என்ன, அந்த A எல்லாம் இன்னொருவரின் பெயரில் கிடக்கின்றன.

அந்த இன்னொருவர் எங்கள் கொலிஜ் உதைபந்தாட்ட ரீமின் உதவிக் கோச். நாங்கள் அவரை அண்ணை என்று கூப்பிடுவோம். தமிழ் தெரியாத பெடியள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, அவர்களும் அண்ணை என்றே கூப்பிட்டார்கள். காலையில் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் போர்க்லிப்ட் ஓட்டுவார். மூன்று மணிக்கு வேலை முடித்து, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஐந்து மணிக்கு எங்கள் மைதானத்தில் நிற்பார். ஆறு வருடம் இப்படி வந்தார். ஒரு சதம் சம்பளம் இல்லை.

நான் விளையாடிய அந்த ஒரேயொரு சீசனில், வீங்கிய கணுக்காலை சொக்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு ஒருநாள் பிராக்டிஸுக்குப் போனேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர், நான் சப்பாத்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"வலது பக்க முடிச்சை மட்டும் ஏன் தளரக் கட்டியிருக்கிறாய்? கழட்டு பாப்பம்."

இதுதான் அவருடைய படிப்பு. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மார்க்ஸ் போடாது.

பிறகு எங்கள் தலைமைக் கோச் வேறு மாகாணத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்த வேலை காலியாகும். நிரந்தர வேலை, சம்பளத்தோடு. அண்ணைக்கு அது கிடைத்தால் போர்க்லிப்டை விட்டு இறங்கலாம். கொலிஜின் இணையத்தளத்தில் அந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று நாங்கள் இருவரும் என் போனில் பார்த்தோம். முதல் வரியே 'ஏதாவது ஒரு துறையில் பட்டம்' என்றிருந்தது.

"ஏதாவது ஒண்டு எண்டால்?" என்று கேட்டார்.

"பூச்சி புழுவைப் பற்றிப் படிச்சவரும் வரலாம் அண்ணை. நீங்கள்தான் வரேலாது."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, அமெரிக்காவில் எங்கேயோ இருக்கும் ஓர் ஒன்லைன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். போனில் விளம்பரம் வந்ததாம், தொட்டாராம், பத்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாவாம். அவருடைய பழைய அனுபவத்துக்கெல்லாம் கிரெடிட் தந்து, ஒன்றரை வருடத்தில் பட்டம் தருவார்களாம். பீட்சாக் கடைக்காரன் அரை மணித்தியாலத்தில் கொண்டுவருகிறேன் என்பான். இவர்கள் ஒன்றரை வருடம் என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், பீட்சாவைச் சாப்பிடவாவது முடியும்.

சனிக்கிழமை காலையில் மோர்னிங்சைட்டில் ஒரு டோனட் கடையில் சந்திப்போம். முதல் இரண்டு பாடத்துக்கும் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஸில் அடித்தேன். அந்த இரண்டுக்கும் B தான் வந்தது. ஏனென்றால் அவர் உண்மையைச் சொன்னார்: பெடியனைத் திட்டினால் அடுத்த நாள் கட்டாயம் அவனோடு ஒரு கோப்பி குடிக்கவேண்டும், இப்படியெல்லாம். மூன்றாவது பாடத்தில் அவருக்கு சனிக்கிழமையும் ஓவர்ரைம் விழுந்தது. "தம்பி, இந்த முறை மட்டும் நீ பாத்துச் செய்" என்றார். அந்த 'இந்த முறை' பட்டம் வரும்வரைக்கும் நீண்டது. நான் ஒரு மண்ணும் விளங்காத பெரிய பெரிய சொற்களாகப் போட்டு எழுதினேன். A வரத் தொடங்கியது.

எனக்கு ஒரு சந்தேகம். இதையெல்லாம் யாராவது வாசிக்கிறார்களா? தலைமைத்துவக் கட்டுரையின் நடுவில், ஐந்தாம் பக்கத்தில், கொத்துரொட்டி போடுகிற முறையைச் சேர்த்துவிட்டேன். ரொட்டியை எந்த அளவில் வெட்டுவது, முட்டையை எப்போது உடைத்து ஊற்றுவது எல்லாம் சுத்தமான இங்கிலீஸில். அனுப்பி ஒன்பதாவது நிமிடம் பதில் வந்தது. மிக ஆழமான பார்வை, தொடர்ந்து இப்படியே எழுதுங்கள், A. நெறிமுறைப் பாடத்துக்கும் அதே வசனம், அதே A. ஆம், நெறிமுறை பற்றிய கட்டுரையையும் அவருக்காக நான்தான் எழுதினேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

சொன்னபடி ஒன்றரை வருடத்தில் பட்டம் கூரியரில் வந்தது. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, அதைத் தங்கக்கரை பிரேமுக்குள் போட்டு வரவேற்பறையில் மாட்டினா. அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்து அண்ணையைப் படமும் எடுத்துவிட்டா. அதோடு நின்றிருக்கலாம்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு, எது நடந்தாலும் தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பேப்பரில் ஒரு நன்றி நவிலல் போடவேண்டும். மண்டபம் தந்தவர், மாலை கட்டியவர், வீடியோ எடுத்தவர், ஒருவரையும் விடக்கூடாது. விட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்த வீட்டோடு கதை பேச்சு இல்லை. அக்காவும் போட்டா. முழுப்பக்கம், கலரில். நடுவில் தொப்பியோடு அண்ணை. கீழே, அவர் படித்து முடிக்க உதவியவர்களுக்கு நன்றி. இடைக்கிடை வேலை மாற்றிக்கொடுத்த சக ஊழியருக்கு நன்றி. பிரேம் போட்ட கடைக்கு நன்றி. பிறகு என் முழுப்பெயர் தடித்த எழுத்தில், அதற்குப் பக்கத்தில், 'முகம் கோணாமல் பாடங்கள் அனைத்தையும் எழுதித் தந்த அன்புத் தம்பிக்கு எமது இதயபூர்வமான நன்றிகள்.'

நான் மட்டன் ரோல்ஸ் வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். கடைக்குள் நின்று சிரித்த சிரிப்பில் காசாளர் அன்ரி, "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்டா.

அண்ணை அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தார், இன்ரவியூவுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். இதுவரைக்கும் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பேப்பரை கொலிஜ் ஒபிஸில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. பிழையை நான் செய்தேன். பக்கத்தைப் படமெடுத்து, நான் இன்னும் விலகாமல் இருந்த ரீமின் போன் குறூப்பில் போட்டேன். கோல் கீப்பர் ஜமேக்காப் பெடியன், இதில் என்ன எழுதியிருக்கிறது, உன் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்டான். நான் வரிக்கு வரி இங்கிலீஸில் மொழிபெயர்த்து அனுப்பினேன். கொத்துரொட்டிக் கதையையும் சேர்த்துவிட்டேன். குறூப்பில் இருபத்தாறு பேர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் யாரோ ஒருவன் யாருக்கோ அனுப்ப, அந்த யாரோ இன்னொருவருக்கு அனுப்ப, இன்ரவியூவுக்கு முதல்நாள் அது விளையாட்டுத் துறை ஒபிஸில் இருந்தது. எனக்கு அப்போது தெரியாது.

இன்ரவியூ நாளில் அண்ணை வேலைக்கு லீவு போட்டிருந்தார். நான் டோனட் கடைப் பார்க்கிங்கில் காத்துக்கொண்டு நின்றேன். வந்தார். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கினார்.

"ஏறு" என்றார். ஏறினேன்.

"என்ன கேட்டவை?"

"பட்ஜெட் பற்றிக் கேட்டவை. ஐஞ்சு வருசத் திட்டம் என்ன எண்டு கேட்டவை. பிறகு விளையாட்டுத் துறை டிரெக்டர் பொம்பிளை போனைத் திருப்பிக் காட்டினா. அக்காவின்ர விளம்பரம். உன்ர மொழிபெயர்ப்போட."

நான் என் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

"என்னத்துக்கு அண்ணை ஓம் எண்டனீங்கள்? தம்பி கொஞ்சம் இங்கிலீஸ் திருத்தித் தந்தவன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"அவையும் அதைத்தான் கேட்டவை. 'எடிற் பண்ணத்தானே உதவினவர்' எண்டு ரெண்டு தரம் கேட்டவை. நான் தலையை ஆட்டினாலே போதும், விட்டிருப்பினம்."

"அப்ப ஆட்டியிருக்கலாமே."

"அந்தப் பேப்பரிலை எழுதினது என்ர மனுசி. அவள் பொய் எழுதிப்போட்டாள் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"



"பந்தைப் பற்றி ஏதும் கேட்டவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை. கொத்துரொட்டி நல்லாயிருக்குமோ எண்டு ஒராள் கேட்டவர்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார். "விடு. எழுதினது நீ. போட்டது அவள். ஓம் எண்டது நான். அந்த ஒன்லைன் யூனிவர்சிற்றிக்காரங்கள் குறூப் புறொஜெக்ட் எண்டு கேட்டவங்கள்தானே, இது அதுதான்."

வேலை இன்னொருவருக்குப் போனது. அவருக்கும் ஒன்லைன் பட்டம்தான், வேறு கடையில் வாங்கியது. அதற்கு முன் ஒரு ஜிம்மில் மனேஜராக இருந்தவராம். அவருடைய கட்டுரைகளை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை அவரேகூட எழுதியிருக்கலாம். அவர் வீட்டில் பேப்பரில் நன்றி போடுகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லலாம். முதல் பிராக்டிஸுக்கு ஒரு ரப்லெட்டோடு வந்தார். அதன் திரையில் அம்புக்குறியெல்லாம் போட்டு வட்டம் கீறிக் காட்டினார். கோலுக்கு வலை கட்டுவது எப்படி என்று கீப்பர் அவருக்குக் காட்டினான்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: கள்ளமாகப் பட்டம் எடுத்தவனுக்கு வேலை குடுக்காதது சரிதானே? சரிதான். ஆனால் அந்தக் கள்ளத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கவில்லை, அது ஒன்பது நிமிடத்தில் A போட்டது. கொலிஜ் கண்டுபிடிக்கவில்லை, அது பட்டம் என்ற பெட்டியில் சரி அடையாளம் போட்டு இன்ரவியூவுக்குக் கூப்பிட்டது. அந்தப் பட்டத்தைப் பற்றி இந்த உலகத்தில் வெளிவந்த ஒரே உண்மையான பத்திரம் அக்காவின் விளம்பரம். தண்டனை அதற்குத்தான் கிடைத்தது. நான் கட்டுரைக்குள் ரொட்டி வெட்டினேன், அது தலைமைத்துவம் என்றார்கள். இந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் கோச்மாரை எடுப்போம் என்றால், என்னை எடுங்கள். பன்னிரண்டு A வைத்திருக்கிறேன்.

இன்னொரு விசேசமும் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து புதுக் கோச், அண்ணைக்கு ஓர் ஈமெயில் போட்டார். முன்பு போல உதவிக் கோச்சாக வரமுடியுமா, பெடியள் கேட்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வேலைக்குப் பட்டம் தேவையில்லையாம்.

"போகாதையுங்கோ அண்ணை" என்றேன். "ரப்லெட்டே ஓடி கோல் அடிக்கட்டும்."

"லெப்ட் பேக்குக்கு முழங்கால் சரியில்லையடா. அந்தாளுக்கு அது தெரியாது."

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் பிறம்ரனிலிருந்து வந்து நின்றார். நானும் பார்க்கப் போயிருந்தேன்.

அன்று பிராக்டிஸ் முடிந்ததும் காரின் டிக்கியைத் திறந்து, போர்வையால் சுற்றிய தட்டையான சாமான் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். தங்கக்கரை பிரேம்.

"என்ன அண்ணை இது?"

"அக்கா கழட்டச் சொல்லிப்போட்டாள். பாக்கப் பாக்கக் கோவம் வருதாம். உன்னோட இன்னும் கதைக்கமாட்டாளாம், அதையும் சொல்லச் சொன்னவள். எறிய மனமில்லை. எழுதினவன் நீதானே, கொண்டுபோய் வை."

இப்போது அது எங்கள் பேஸ்மென்ற் சுவரில் தொங்குகிறது. போன கிழமை வீட்டுக்கு வந்த ஓர் அங்கிள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மகன் டிகிரி முடிச்சிட்டாரோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தா. "ஓம், படிச்சது இவன்தான்" என்றா. "பெயர் மட்டும் பிழையா அடிச்சுப்போட்டாங்கள்."