மலிவுத் துப்பாக்கியும் என் கையும்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒஸ்லோவில் நான் சேர்ந்திருந்த துப்பாக்கி சுடும் கழகத்தில் பயிற்சி செய்ய மலிவான கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். வாங்குமுன், அதை வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை வாரக்கணக்கில் படித்தேன். சுடும்போது சிக்கவே சிக்காது என்றுதான் பலரும் எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் மாதம், மனைவி சுதாவைக் கழகத்துக்குக் கூட்டிப்போன நாளில், விசையை அழுத்தியும் அது வெடிக்கவில்லை. எரிச்சலில், பின்னால் நின்ற அவளுக்குக் காட்டத் துப்பாக்கியோடு அப்படியே திரும்பினேன்.

என்னைக் கழகத்தில் சேர்த்துவிட்ட ரவி அண்ணை பக்கத்தில் நின்றார். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இலக்குப் பக்கம் திருப்பினார்.

“அசையாதையும். உள்ளுக்குத் தோட்டா இருக்கு.”

தாமதித்தும் வெடிக்கக்கூடும் என்பதால் சிறிது பொறுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். துப்பாக்கியின் உட்புறத்தைத் துணியால் துடைத்தபோது கரி கரியாக வந்தது.

“இதைத் துடைக்கிறனீரோ?”

“இல்லை அண்ணை. சிக்காது எண்டு எல்லாரும் எழுதியிருந்தவை.”

“அவை துடைச்சிருப்பினம்” என்றார்.

நாங்கள் குடியிருந்த ஹவுகெட்டோவுக்கு ரயிலில் திரும்பினோம். இறங்கும்போது, “அது என்ர நெஞ்சுக்கு நேரை இருந்ததப்பா” என்று சுதா சொன்னாள்.

துப்பாக்கியை நம்பலாமா என்று அத்தனை பேரின் கருத்தைத் தேடிய நான், அதைப் பிடிக்கும் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது துடைக்காமல் அதைப் பெட்டியில் வைப்பதில்லை. சுதா அதன்பிறகு ஒருநாளும் கழகத்துக்கு வந்ததில்லை.