படகுத் தகட்டின் பின்பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாஷை தெரியாத கொச்சியில் ஒரு அரமும் ஒரு மாற்று வேட்டியுமாக வந்து இறங்கினேன். மட்டாஞ்சேரியில் சொந்தப் பட்டறை போட்டேன். மழைவெள்ளம் ஒரு தடவை, கூட்டாளி ஒரு தடவை என்று அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், திரும்ப நிமிர்த்தினேன். சுள்ளிக்கல்லில் மாடிவீடு கட்டினேன், செங்கல்லில் பாதி என் தலை சுமந்தது. பையனை இஞ்சினீயராக்கிக் காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார வைத்தேன். இந்தக் காயலில் ஓடின மர மோட்டார் படகுகளின் நெற்றியில் பளபளத்த பித்தளைப் பேர்த் தகடுகளை வார்த்தேன். மற்றதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் இப்போது சாட்சி கேட்கிறார்கள்.

கேட்டவர் வர்கீஸ் சார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். பழைய படகுகளின் தகடுகளைத் தேடிப் பிடித்து, எது எங்கே செய்தது என்று துப்புத் துலக்குவது அவருக்கு இப்போது வேலை. எல்லாவற்றையும் ஒரு கண்காட்சியில் மாட்டி, அடியில் விவரம் எழுதின ஒரு அட்டையும் வைக்கப் போகிறார். பச்சை பூத்த ஒரு தகட்டை எப்படித் துலக்குவது என்று கேட்க என்னைத் தேடி வந்தார். என் வீட்டுக்கு யாராவது தேடி வந்து வெகுநாளாயிற்று. காக்கநாட்டுக்கும் சுள்ளிக்கல்லுக்கும் நடுவில் வைட்டிலா இருக்கிறது பாருங்கள், என் பையனின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த நெரிசலிலேயே மாட்டிக்கொள்கின்றன. அதனால் அவர் உட்காருமுன் சாயா போட்டுவிட்டேன்.

கொண்டுவந்த பொட்டலத்தின் தாளைப் பிரித்தார். தேக்குப் பலகையில் திருகின தகடு. பச்சை பூத்த பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு, மழையில் நனைந்த காசை மோந்து பார்த்திருக்கிறீர்களா, அது. அதன் பின்னாலேயே குங்கிலியத்தின் மணம் வந்தது. படகு கட்டுகிற இடத்தில் பலகை இடுக்குகளில் அடைக்க எண்ணெய் விட்டுக் காய்ச்சுவார்கள். அந்த மணம் வந்தால் கூடவே மிளகும் வரவேண்டும். எனக்கு வந்தது. தும்மினேன்.

"லண்டன் சாதனம், அண்ணாச்சி" என்றார் சார். "எஞ்சின்கூட வந்ததுன்னு எல்லாரும் பறயுந்நு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த லண்டன் கதை பிறந்த நாளே எனக்குத் தெரியும். படகுத்துறை முதலாளி ஒருத்தருக்கு முதல் தகடு செய்து கொடுத்தேன். புளியும் உமிச்சாம்பலும் போட்டு நான் துலக்கின துலக்கில் அதில் அவர் மீசையைத் திருத்திக்கொண்டார். படகு வாங்க வந்த ஆளிடம், எஞ்சினோடு லண்டனில் இருந்து வந்தது என்று கூசாமல் சொன்னார். நான் பக்கத்திலேதான் நின்றேன். அந்த ஆள் தகட்டைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கணும்? என் கைவேலையைச் சீமைச் சரக்கு என்று நம்புகிறான், இதைவிடப் பெரிய பட்டம் யார் தருவார்? பிறகு எல்லா முதலாளிமாரும் என்னிடம் 'லண்டன் தகடு' என்றே கேட்க ஆரம்பித்தார்கள். நானும் லண்டன் தயாராகிவிட்டதா என்று பட்டறையில் சத்தம் கொடுப்பேன். செல்லம்மா, என் வீட்டுக்காரி, "லண்டன் இன்னும் சூடா இருக்கு, தொட்டுராதீய" என்பாள்.

என் திருப்புளியை எடுத்து வந்து, தகட்டைப் பலகையிலிருந்து கழற்றினேன். அவருக்கு மனசில்லை. இது நான் வார்த்தது என்று திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சாக்குத்துணியின் நெசவுத் தடம்.

எதற்கென்று சொல்கிறேன். பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் மரத்தில் பூசுகிற குங்கிலியம் பிடிக்காது. உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து தகடு கழன்றுவிடும். அதனால் மர அச்சின் முதுகில் செல்லம்மா சாக்குத்துண்டு வெட்டி ஒட்டுவாள், நான் மேலே அரக்கைத் தடவி மண்ணில் பதிப்பேன். நெசவு அப்படியே பித்தளையில் விழும். மட்டாஞ்சேரியில் சாக்குக்கா பஞ்சம்? சரக்குக் கிட்டங்கிகளில் கிழிந்த மிளகுச் சாக்குகளைச் செல்லம்மா வாங்கிவந்து உதறுவாள். தையலில் ஒளிந்திருக்கிற மிளகெல்லாம் உதிரும். நாங்கள் மிளகுக்குக் காசு கொடுத்ததே கிடையாது. ரசத்திலும் மிளகு, சாயாவிலும் மிளகு. தெருவில் எந்த வீட்டில் தும்மல் கேட்டாலும் எங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள்.

வர்கீஸ் சார் அந்தத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு நம்பிக்கையாச்சு, அண்ணாச்சி. பக்ஷே எழுதணும்னா வேறொரு ஆளும் சொல்லணும்."

அன்று ராத்திரி ஆட்களை எண்ணிப் பார்த்தேன். முதலாளி போய்விட்டார். படகுகட்டும் ஆசாரிமார் போய்விட்டார்கள். செல்லம்மா போனதை நான் எண்ணவில்லை, அது எப்போதும் எண்ணினபடியே இருக்கிறது. மிச்சம் ஹம்சாக்கா ஒருத்தர், இக்கா என்றால் இங்கே முஸ்லிம் வீட்டு அண்ணன். படகோட்டி, ஸ்ராங்கு என்பார்கள். அவர் ஓட்டின படகில் இருந்ததுதான் இந்தத் தகடு.

மறுநாள் சாரும் நானுமாக அவர் வீட்டுக்குப் போனோம். போகிற வழியில் என் பட்டறை இருந்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். காப்பிக்கடை. உலை இருந்த மூலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஹம்சாக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. தகட்டை மடியில் வைத்தோம். தடவிவிட்டு, "லண்டன்" என்றார், சந்தேகமே இல்லாமல். நான் குனிந்து, பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி நான்தான் என்றேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"எந்த அண்ணாச்சி?" என்றார்.

தகடு மாட்டின அன்று அவரோடு படகில் உட்கார்ந்து போனேன், அவர் கொடுத்த பீடி குடித்தேன், எல்லாம் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார். சார் எழுந்துவிட்டார். அப்போதுதான் தகட்டின் முதுகில், சாக்குத் தடத்தில், அவர் விரல் போயிற்று. அங்கேயே நின்றது.

"ஒரு தமிழத்தி இருந்நு," என்றார். "சாயாவில் குருமுளகு போட்டுத் தரும். தொண்டை எரியும். காயலில் மழை நனைஞ்சு வந்தா அந்தச் சாயாதான். அவள் எங்கே?"

அவள் போய்விட்டதைச் சார்தான் மெதுவாகச் சொன்னார். ஹம்சாக்கா ஏதோ துவா சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். இந்த ஊரில் அவளைக் கேட்க என்னைத் தவிர ஒரு ஆள் இருந்திருக்கிறார். நான் இத்தனை நாள் அந்தத் தெருவுக்கே போகவில்லை.

வெளியே வந்ததும் சார் சங்கடப்பட்டார். சாயாவுக்குச் சாட்சி கிடைத்தது, தகட்டுக்குக் கிடைக்கவில்லை என்றார். வேண்டுமானால் அட்டையில் லண்டன் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாமாம். நான் நெருப்பில் நின்றதற்குக் கேள்விக்குறி!

இப்போது காயலில் பைபர் படகு, இரும்புப் படகு. பேரை ஸ்டிக்கரில் ஒட்டுகிறார்கள். படகுத்துறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். காசு கொடுத்து வாங்கின மிளகில் நான் ரசம் வைக்கிறேன், தும்மல் வருவதில்லை.

சார், அட்டையை எடுங்கள். அடுத்தவர் பங்கு எனக்கு வேண்டாம். படகைக் கட்டினவர்கள் ஆசாரிமார். ஓட்டினவர் ஹம்சாக்கா. தகட்டில் இருக்கிற பேர் முதலாளியுடையது. சாக்கை வெட்டி ஒட்டினவள் செல்லம்மா, அதற்கு ஹம்சாக்காவின் விரலே சாட்சி. பித்தளையை உருக்கி வார்த்துத் துலக்கினவன் நான். இதை இப்படியே எழுதுங்கள், கேள்விக்குறி இல்லாமல். தகட்டையும் திருப்பி மாட்டுங்கள், முதுகு தெரிகிற மாதிரி. என் பேரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் வந்து கேளுங்கள். எந்த நேரமானாலும் வீட்டில்தான் இருக்கிறேன்.