முளைப்பாரி வீட்டுப் பூச்சி

குருவம்மாளுக்குக் கருவாடு என்றால் உயிர். ராஜபாளையத்தில் அவள் தெரு முழுக்க அது தெரியும். புருஷன் கருத்தையா பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு சாத்தூர் ரயிலடி வரைக்கும் வண்டி ஓட்டுகிறவன். ரயில் அப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும்போது வண்டியில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, ஓலைக்கொட்டானில் நெத்திலிக் கருவாடு இருக்கும். மாடுகள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே வாசனை வீடு வந்து சேர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவள் வருஷத்தில் பத்து நாள் மட்டும் கருவாட்டை மனத்தாலும் தொடமாட்டாள். ஐப்பசியில் அம்மன் பொங்கலுக்குத் தெருவின் முளைப்பாரி அவள் வீட்டு உள்ளறையில்தான் வளர்ந்தது. வீட்டுக்கு ஒன்றாக இருபத்தொரு சட்டிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை. மண்ணும் சாணியும் நிரப்பி, பாசிப்பயறும் தட்டப்பயறும் விதைத்து, இருட்டில் வைத்துவிடுவார்கள். பத்தாம் நாள் முழ உயரம் நிற்கும் வெளிறிய முளையைப் பெண்கள் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவார்கள். அதுவரை அறையைக் காக்கிறவளுக்கு ஒருவேளைச் சோறு, தரைப்படுக்கை, கவுச்சி ஆகாது. பதினோரு வருஷம் குருவம்மாள் அப்படிக் காத்தாள். முளை ஒருதடவையும் ஏமாற்றவில்லை.

பன்னிரண்டாம் வருஷம் ஏமாற்றியது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தொழுவத்திலிருந்து சொதசொதவென்று வந்த சாணியை அப்படியே சட்டிகளில் போட்டார்கள். நாலாம் நாள் கொசுவைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் சட்டிகளின் மேல் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அறையைச் சுற்றிக் கும்மியடித்த பெண்கள் பாட்டுக்கு வாயைத் திறந்தபோதெல்லாம் ஒன்றிரண்டை விழுங்கினார்கள். எட்டாம் நாள் முளைகள் அடியில் அழுகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

முதலில் வாயைத் திறந்தவள் கருத்தையாவின் அக்காள் இருளம்மாள்.

"ஏட்டி, வெரதம் சுத்தமா இருந்தா அம்மன் அறையில பூச்சி எதுக்கு வருது?"

"அதப் பூச்சிகிட்டத்தான் கேக்கணும் மதினி."

"பூச்சிகிட்ட என்னத்தக் கேக்க? ஒங் கருவாட்டுச் சட்டிகிட்டக் கேட்டாப் போதும்."

தெருப் பெண்கள் நாலு பேர் நேரே மதார் சாகிப்பின் கருவாட்டுக் கடைக்கே போய் விசாரித்தார்கள். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு நாளா அந்தம்மா நெழலுகூட இந்தப் பக்கம் விழல. எனக்குத்தான் ஏவாரம் படுத்துப்போச்சு" என்றார். இருளம்மாள் விடவில்லை. தம்பி சாத்தூரிலிருந்து கொண்டுவந்திருப்பான் என்றாள். அடுத்த வருஷமும் முளை கெட்டால் முளைப்பாரி தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் பேசி முடித்தாள்.

முளைப்பாரி போனால் போகட்டும். விரதத்தில் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு அம்மனிடம் பொய்யாய் நின்றவள் என்ற பேர் வந்துவிட்டதே, அதைத்தான் குருவம்மாளால் விழுங்க முடியவில்லை. பொங்கல் கழிந்தும் கருவாடு இறங்கவில்லை. கொட்டான் அடுக்களையில் தொங்கியபடியே கிடந்தது.

அறையைக் கழுவப் போன அன்றுதான் மூலையில் இருந்த சட்டியைக் கவனித்தாள். அது அடுத்த வீட்டு அய்யம்மாளுடையது. விதைத்த மறுநாள் வத்திராயிருப்பில் அவளுடைய அய்யா இறந்துபோனார். அவள் போய்விட்டாள், தீட்டுப்பட்ட சட்டியென்று அதை ஒருவரும் தொடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. ஆனால் அந்த ஒரு சட்டியில்தான் முளை நெட்டுக்குத்தாக நின்றது.

குருவம்மாள் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தாள். சுவரிலிருந்து உதிர்ந்த மணல் சட்டியின் மேலே காய்ந்த போர்வையாக மூடியிருந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பானை கசிந்து அடியில் ஈரம் தேங்கியிருந்தது. முளை அடித்துளை வழியாகவே குடித்திருக்கிறது. மற்றொரு சட்டியைக் கவிழ்த்தாள். சேறாக இருந்த மேல்மண்ணில் கண்ணாடி போன்ற உடம்பும் கறுத்த தலையுமாகப் புழுக்கள் நெளிந்தன. கும்மிக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கள் சட்டி மற்றதைவிட உயர வேண்டுமென்று ஆளுக்கொரு கை ஊற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அய்யம்மாள் காரியம் முடிந்து திரும்பி வந்து தன் சட்டியைப் பார்த்தாள். ஊர்வலத்துக்குப் போகாத முளை, லேசாகத் தலை சாய்ந்திருந்தது.

"எங்கய்யா பேரச் சொல்லி இத ஓடையில விட்டுட்டு வாரேன் குருவு."

"செத்த இரு. நானும் வாரேன்."

இரண்டு பேரும் போய் முளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வெறுஞ்சட்டியோடு திரும்பினார்கள்.

மறுவருஷம் ஆவணி வெயிலிலேயே குருவம்மாள் சாணியைப் பரப்பிப் பொடியாகக் காயவைத்துச் சலித்தாள். கருத்தையா ஓடையிலிருந்து ஒரு வண்டி மணலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையிலிருந்து அகலமான மண்தட்டுகளும் கொண்டுவந்தான். விதைத்த சட்டிகளின்மேல் ஒரு விரற்கடை காய்ந்த மணல். தண்ணீர் தட்டில் மட்டும். சட்டி குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுவாள்.

"மேல ஒரு கை தெளிக்காம அது என்னட்டி மொளப்பாரி?" என்றாள் இருளம்மாள்.

"கும்மி வெளிய அடிங்க மதினி. தண்ணி நாம் பாத்துக்கிடுதேன்." அறைச் சாவி குருவம்மாளின் இடுப்புக்குப் போனது.

ஒன்பது நாளும் இருட்டில் தட்டுகளைத் தடவியே தண்ணீர் ஊற்றினாள்; வெளியே கும்மியடித்தவர்கள் வாயில் ஒரு பூச்சியும் போகவில்லை. பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், இருபது சட்டியில் முளை நாணலாக நின்றது. சாக்குத் திரை போட்ட சன்னலோரம் இருந்த ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தது. மணல் சேற்றில் புதைந்து, அதன்மேல் கறுப்புப் பூச்சிகள் குடித்தனம் நடத்தின. அது இருளம்மாளின் சட்டி. சன்னல் கம்பியில் குழல்போன்ற நீளமான பப்பாளித் தண்டு ஒன்று வெளியிலிருந்து செருகியபடி இருந்தது. அதன் நுனியில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கூடியிருந்த பெண்கள் தண்டைப் பார்த்தார்கள், இருளம்மாளைப் பார்த்தார்கள்.

அய்யம்மாள்தான் கேட்டாள்: "குருவு கருவாடு தின்னா இருபத்தொண்ணும்ல சாயணும்? ஒங்க சட்டி மட்டும் எப்பிடிச் சின்னம்மா சாஞ்சுது?"

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை தாகமாக் கெடக்குன்னு நெனச்சேன்" என்றாள். சிரிப்பு தெருக்கோடி வரை போனது. அன்று ஊர்வலத்தில் அய்யம்மாளின் சட்டி முன்னால் போனது.

பொங்கல் முடிந்த மறுநாள் குருவம்மாள் கொட்டான் நிறைய நெத்திலியைக் கொட்டிக் குழம்பு வைத்தாள். வாசல்கதவு, அடுக்களைச் சன்னல் ஒன்றையும் சாத்தவில்லை. வாசனை தெருவெல்லாம் சுற்றி, கடைசியில் இருளம்மாளைக் கையோடு கூட்டி வந்தது. அவள் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குருவம்மாள் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். "மதினி, கொழம்பச் சோத்துக்கு மேல ஊத்தவா, அடியில வைக்கவா?"

"மேலயே ஊத்துட்டி, வாயாடி."