அந்தப் பக்கத்தில் போட்டாச்சு

மகளுக்குத் தொண்டை வலியில்தான் தொடங்கியது. பள்ளியில் சேர்ந்த வருடம். ஐஸ் தின்றிருப்பாள் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கழுத்து வீங்கிவிட்டது. வாயைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

எல்லையில் கேரளப் பக்கம் இருக்கும் பாறசாலையில் பார்த்த டாக்டருக்கு டார்ச் அடித்ததும் முகம் மாறியது. "குத்திவெய்ப்பு எல்லாம் எடுத்ததல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார், தடுப்பூசி எல்லாம் போட்டதுதானே என்று. கைக்குழந்தையில் தடுப்பூசி போட்டோம், பள்ளிக்கு முன் போடும் பூஸ்டருக்கு (பழைய ஊசியின் பலத்தைப் புதுப்பிக்கும் ஊசி) வீட்டுக்கு வந்து ஊசி போடும் நர்ஸ் சிஸ்டர் இன்னும் வரவில்லை என்றேன். அவர் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

டிப்தீரியா (தொண்டை அடைப்பான்). திருவனந்தபுரத்தில் தனி அறையில் வைத்து நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்கள். படலம் போனது. பிழைத்தோம் என்று நான் நினைத்தபோது அங்குள்ள டாக்டர் கூப்பிட்டார்.

"கிருமியோட நஞ்சு இதயத்துக்குப் போயிருக்கு. மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை வீக்கம்). எழும்ப விடாதீங்க. அழவும் விடாதீங்க."

அழுதால் இதயம் நின்றுவிடுமா என்று நான் கேட்கவில்லை. குழந்தை அழாமல் இருக்க நான் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப்போல் கொடுமை உலகத்தில் இல்லை.

ஒருநாள் கணவரை அவள் பக்கத்தில் இருத்திவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். சிஸ்டர் எங்கள் தெருவில் வீடுவீடாக மாத்திரை கொடுத்து ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார். நோய் மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கவாம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இப்ப வாறீங்களே சிஸ்டர், எனக்க பிள்ளைக்கு ஏன் வரல்ல?"

"வந்தேன் மக்கா. வந்தப்ப எல்லாம், அம்மைக்க வீட்டில வச்சு அந்தப் பக்கத்தில போட்டாச்சுன்னாக்கும் உனக்க மைனி சொன்னது. நீ வேலைக்குப் போயாச்சு. நான் என்ன செய்ய?"

மைனி என் கணவரின் அக்கா. நான் அண்டியாபீஸுக்கு (முந்திரிப் பருப்பு ஆலை) போகும்போது மகளைப் பார்த்துக்கொள்பவள். சிஸ்டர் வந்தாரா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "வரல்ல" என்பாள்.

சிஸ்டர் அதை நம்பியதிலும் தப்பில்லை. இங்கே பாதிப் பெண்களுக்கு அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பேறும் அங்கே, பிள்ளைக்கு ஊசியும் அங்கே. காசுள்ளவர்கள் டாக்டரிடம் போவார்கள். எங்களுக்கு வாசலில் வந்து நிற்கும் சிஸ்டர்தான் எல்லாம். அவரையும் வாசலோடு அனுப்பியாயிற்று.

மைனியிடம் கேட்டேன்.

"எளைய தம்பிக்க கல்யாணம் அடுத்து வந்து. ஊசி போட்டா காய்ச்சல் வரும். கல்யாண வீட்டில பிள்ளை அழுதோண்டு கெடந்தா நல்லாவா இருக்கும்? பின்ன மாத்திச் சொல்ல நாணமா இருந்து."

நாணமாம். கல்யாணம் ஜோராக நடந்தது. மகள் பட்டுப்பாவாடையில் பூத்தட்டு பிடித்து நிற்கும் படம் சுவரில் இருக்கிறது. நோய் பரவாமல் இருக்க சிஸ்டர் தெருவுக்கு வந்த அன்று மைனியும் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். அவளுக்குக் காய்ச்சல் வருமே என்று யாரும் கவலைப்படவில்லை.

பிறகு, ஒரு பிள்ளைக்கு ஊசி விட்டுப்போனதை ஏன் கவனிக்கவில்லை என்று மேலதிகாரிகள் சிஸ்டரிடம்தான் விளக்கம் கேட்டார்கள். மைனியிடம் கேட்க ஆளில்லை. நான் அவளோடு பேசுவதில்லை. ஆனாலும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம், வேறு வீடு பார்க்க வழியில்லை.

இதை வாசிப்பவர்களில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். சிஸ்டரை நீங்களே நேரில் பாருங்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதயம் சரியாகிவிட்டது, இனி ஓடலாம், ஆடலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகிறது. அவர் சொன்னது என் காதுக்குப் போயிருக்கிறது, கைக்குப் போகவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்து கூப்பிட்டால் அவள் முதலில் என்னைப் பார்க்கிறாள்.

"அம்மா, ஓடட்டா?"

நான் அவள் நெஞ்சில் கையை வைக்கிறேன். துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறேன். சந்தேகம் வந்து மறுபடியும் வைக்கிறேன். போ என்று நான் சொல்வதற்குள் மற்ற பிள்ளைகள் ஓடிப்போய்விடுகிறார்கள்.