விரல் பதியாத விண்ணப்பதாரர்

முப்பத்தாறு வருடம் அரசாங்கக் காகிதங்களைப் புரட்டியதில் என் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. நானாக இதைக் கண்டுபிடிக்கவில்லை. போர்ட் பிளேரில், ஓர் அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டரில், தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவி சிவப்பு விளக்கைக் காட்டிச் சொன்னது.

நான் போனது தீவுவாசி அட்டையைப் புதுப்பிக்க. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது. கப்பலில் எங்களுக்கு முதலில் படுக்கை கிடைப்பது அதைக் காட்டினால்தான். என்னுடையது போன மாதம் காலாவதியாகியிருந்தது. மனைவியுடையது செல்லுபடியில் இருந்தது.

அவளுக்கு வலது கண்ணில், விழித்திரையின் நடுவில் ஒரு சிறு துளை. சென்னையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். முடிந்தபின் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்களாம். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, நாளின் பெரும்பகுதி முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கரைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சென்னையில் தங்க எங்களுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே போவது விமானத்தில், திரும்புவது கப்பலில். என் அட்டை வராவிட்டால் அவளுக்குப் படுக்கை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. மூன்று நாள் கடலில் அவள் கவிழ்ந்து படுத்தபடி, சொட்டு மருந்து விட ஆளில்லாமல் வரவேண்டும். கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கவுண்டரில் இருந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊர்த் தமிழன். போனில் அவன் அம்மாவிடம் பாக்கு காயப்போட்டதைப் பற்றித் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்ததை வரிசையில் நின்றபடி நானே கேட்டேன். என்னிடம் மட்டும் இந்தி.

முதல் நாள் சர்வர் இல்லை. "கல் ஆனா, அங்கிள்" என்றான். நாளைக்கு வா என்கிற அந்த இரண்டு சொற்களில்தான் இந்தத் தீவுகளின் நிர்வாகம் பாதி நடக்கிறது. என் காலத்திலும் அப்படித்தான். அப்போது சொல்கிற பக்கத்தில் நான் இருந்தேன்.

இரண்டாம் நாள் சர்வர் இருந்தது, விரல் பதியவில்லை. பின்னால் நின்ற வங்காளி அம்மாள் விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னாள். என் தலையில் அதற்கும் வழியில்லை. ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னான். ஆதார் மையத்தில் முகவரிச் சான்றாகச் செல்லுபடியாகும் தீவுவாசி அட்டையைக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் திரும்பவும் போனேன். விரல் பதியாத வயதானவர்களுக்குக் கண்ணைப் படம் எடுத்துச் சரிபார்க்கலாம், அதுவும் ஆகாவிட்டால் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதைத் தன்மையாக எடுத்துச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல், பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொன்னான்:

"புட்டா கா உங்லி கிஸ் கயா."

கிழவனின் விரல் தேய்ந்துபோச்சு. இரண்டு பேரும் சிரித்தார்கள். வரிசையிலும் யாரோ சிரித்தார்கள்.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். பணியில் இருந்த காலமெல்லாம், வந்தவர் போனவருக்கெல்லாம் நான் சொன்ன ஒரே புத்திமதி, கவுண்டரில் வாயால் பேசாதே என்பதுதான். வாயால் மறுத்தது அலுவலகக் கணக்கில் நடக்கவேயில்லை. தபால் பிரிவில் காகிதத்தைக் கொடு, டைரி நம்பர் வாங்கு. அதன்பின் அந்தக் காகிதத்துக்கு யாராவது பதில் எழுதியே ஆகவேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவன் மூன்று நாள் கவுண்டரில் போய் நின்றேன். காரணம் வெட்கக்கேடானது. சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்ற என்னை யாராவது அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கித் தருவார்கள் என்று நினைத்தேன்.

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. மனு எழுதுவேன்.

ஷாதிபூர் வீட்டில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்தியில் நான் வந்த மூன்று நாட்களும், வந்த நேரமும், நின்ற நேரமும். இரண்டாம் பத்தியில் சுற்றறிக்கை, எண்ணோடு. மூன்றாவதில் என் கோரிக்கை: அட்டையைக் கொடுங்கள், அல்லது மறுப்பை எழுத்தில் கொடுங்கள், மறுப்பவரின் பெயர், பதவியுடன். நான்காம் பத்தியில், விண்ணப்பதாரரின் விரலைப் பற்றி அலுவலர் கூறிய வாசகத்தைச் சொன்னது சொன்னபடி தேவநாகரியில் எழுதி, உடனடிப் பார்வைக்காக மொழிபெயர்ப்பும் சேர்த்தேன். மேலதிகாரிகள் இருவருக்கு நகல். மறுநாள் தபால் பிரிவில் டைரி நம்பர் வாங்கினேன். கவுண்டர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நான்காம் பத்திதான் என் கைவண்ணம். முதல் மூன்றுக்கு அலுவலகம் பதில் சொன்னால் போதும். நான்காவதற்கு அவன் தன் கையால் விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கம் கோப்பில் ஏறும், கோப்பு மேலே போகும். அவன் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தான் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் அதை எழுதினேன்.

மனு கொடுத்த மூன்றாவது நாள் போன் வந்தது. இந்த முறை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டீயும் வந்தது. என் கண்ணைப் படம் எடுத்தார்கள். கருவி ஒரே தடவையில் பச்சை காட்டியது. சென்னைக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அட்டை கைக்கு வந்தது.

படி இறங்கும்போது கவுண்டர்க்காரன் பின்னாலேயே வந்தான். இப்போது நல்ல தமிழ்.

"ஐயா, நீங்க நம்ம ஆளுன்னு தெரியாமப் போச்சுங்க. வேலை ஆயிருச்சில்ல, அந்தக் காகிதத்த வாபஸ் வாங்கிக்குங்க ஐயா. பெரிய சாப் என்கிட்ட எழுத்துல விளக்கம் கேக்கிறார்."

"டைரி நம்பர் விழுந்த காகிதம், தம்பி. வாபஸ் வாங்கத் தனியா மனு குடுக்கணும். மூணு காப்பி."

"நானே எழுதி எடுத்தாறேன், ஐயா. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"கல் ஆனா" என்றேன்.

மறுநாள் அவன் வந்தானாம், வீட்டைக் கண்டுபிடித்து. நான் பணம் எடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். மனைவி அவனுக்குக் காபி கொடுத்திருக்கிறாள். பாவம்ங்க, சின்னப் பிள்ளை, வேலை போயிட்டா என்ன பண்ணுவான் என்றாள் என்னிடம். ஒரு கண்ணால் பார்த்தே அவளுக்கு இவ்வளவு தெரிகிறது. வேலை போகாது, நிரந்தரமாவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்றேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அளவுக்குத்தான் எழுதியிருந்தேன்.

அறுவை சிகிச்சை சரியாக நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் புது அட்டையைக் காட்டினேன். பங்க் என்கிற மலிவு வகுப்பில் அடுத்தடுத்து இரண்டு கீழ்ப் படுக்கைகள் கிடைத்தன. அவள் கவிழ்ந்து, படுக்கை ஓரத்தில் நெற்றியைச் சுருட்டிய போர்வையில் வைத்து, முகம் தரையைப் பார்க்கப் படுத்தாள். நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டேன். இரண்டாம் நாள் கடல் சற்று அடங்கியதும் அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, வெள்ளைத்தாள் எடுத்தேன்.

"என்னங்க எழுதுறீங்க?" என்றாள், தரையைப் பார்த்தபடியே.

"நினைவூட்டல் கடிதம். நாலாம் பத்திக்கு இன்னும் பதில் வரல."

"இன்னுமா அந்தப் பையன விடல நீங்க?"

கடிதத்தை முடித்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கப்பல் அலுவலகத்துக்குப் போய் முத்திரை மையட்டையைக் கேட்டு வாங்கிவந்தேன். கையெழுத்துக்குப் பதிலாக இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஒரு கோடுகூட இல்லாத, வழவழப்பான நீல முட்டை ஒன்று காகிதத்தில் விழுந்தது.

கைநாட்டு என்றால் இரண்டு சாட்சி வேண்டும். அது விண்ணப்பதாரருடையதுதானா என்று ஒருவன் சரிபார்த்து எழுதவும் வேண்டும். அந்த ஒருவன் மூன்றாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறான். எதிர்ப் படுக்கைத் தெலுங்குக்காரர் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மற்றதற்கு, காகிதத்தைத் தரையில் அவள் முகத்துக்கு நேர் கீழே வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் அந்த நீல முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கையை மட்டும் கீழே தொங்கவிட்டு, கோணல்மாணலாகப் போட்டாள்.

"உங்க விரல் நிஜமாவே தேஞ்சுதான் போச்சுங்க" என்றாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.


அவன் சொன்னதையே சொன்னாலும், அவளை மட்டும் விட்டுவிட்டேன். போர்ட் பிளேரின் ஹட்டோ துறையில் நாங்கள் இறங்கிய அன்றே கடிதம் தபால் பிரிவுக்குப் போனது. டைரி நம்பர் என்னிடம் இருக்கிறது.