மூக்கில் வைத்த சந்தனம்

1. எத்தனை HP?

சின்ன விமானத்துக்கு மோட்டார் வைத்துக் கொடுக்கிறேன் என்று தேனியில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "எத்தனை HP?" என்பதுதான். கிணற்று மோட்டாரும் சப்மெர்சிபிளும் பார்த்துப் பழகிய ஊர். என் மோட்டார் சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். எடுத்துக் காட்டினால் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். போன் போர்டில் சால்டரிங் வைத்து வைத்துத்தான் என் கண்ணாடி தடிமனானது. பால்சா வேலை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. பால்சா என்பது தக்கை போல லேசான மரம். அதில் குச்சி குச்சியாக வெட்டி எலும்புக்கூடு செய்து, மேலே மெல்லிய காகிதம் ஒட்டினால் விமானம். பெட்டியில் கிட்டாக வரும். பெரும்பாலும் ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிடுகிற ரகம். ரப்பரைக் கழற்றிவிட்டு மோட்டார், பேட்டரி, ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்ளும் ரிசீவர், வாலை அசைக்கும் இரண்டு சர்வோ வைத்து, வாலை வெட்டிக் கீல் போட்டு, ரிமோட்டில் ஓடும்படி மாற்றித் தருவது என் வேலை.

இதில் இறங்க ஆசைப்படும் பிள்ளைகளே, முதலில் ஒரு நகைத் தராசு வாங்குங்கள். இதில் எல்லாமே எடைதான். பசை ஒரு சொட்டுக் கூடினாலும் விமானம் அதை ஊரறியச் சொல்லிக்காட்டும். மொத்த எடை எவ்வளவு முக்கியமோ, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு CG என்று பெயர். புள்ளி முன்னால் போனால் மூக்கைக் குத்தும், பின்னால் போனால் வாலில் உட்காரும். பின்னால் போவதுதான் ஆபத்து.

2. வலது கைதான்

போடியில் ஏலக்காய் யாவாரம் செய்பவர் ராசமாணிக்கம் அண்ணாச்சி. காயைக் கையில் அள்ளினாலே தரம் சொல்லிவிடுவார் என்று பெயர். பக்கவாதம் வந்து வலது கை அடங்கிவிட்டது. விரலுக்குப் பயிற்சியாக ஏதாவது செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு விமான கிட்டை அனுப்பிவைத்தார். அண்ணாச்சி மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கட்டி முடித்துவிட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"ஏத்தா, இது பறக்குமா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குச்சி கோணல் இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"பறக்க வச்சிரலாம் அண்ணாச்சி. ஆனா ரிமோட்டுல வலது கட்டைவிரல்தான் விமானத்தத் திருப்பும். ஒங்களுக்கு இடது கைக்கு மாத்தித் தரவா?"

"இடது கையில ஓட்டுறதுக்கா இம்புட்டு நாளு குச்சி ஒட்டுனேன்? மாத்தாத."

அவர் வெளியே போனதும், கூட வந்திருந்த அவர் மனைவி செல்வராணி அக்கா பின்தங்கினார்.

"தங்கச்சி, இத வலது கையால ஓட்டிட்டாகன்னா அடுத்த திங்கக்கிழமையே கடைக்குப் போயிருவேன்னு சொல்லியிருக்காக. முடியலேன்னா கடைய இப்பப் பாத்துக்கிட்டிருக்குற என் தம்பிகிட்டயே விட்டுர்றாகளாம்."

"ஒங்க தம்பிதானக்கா?"

"என் தம்பிங்கிறதுனாலதான் பயப்படுறேன். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆக, ஒரு ஏலக்காய்க் கடை என் மேசைமேல் இருந்தது. இதற்கு முன் நான் பொறுப்பேற்ற பெரிய விஷயம், தண்ணீரில் விழுந்த ஒரு கல்யாண வீட்டு போன்.

கொடுத்த வேலையைச் செய்தேன். கை நடுக்கத்துக்காக ரிமோட்டில் எக்ஸ்போ போட்டேன். எக்ஸ்போ என்றால், ஸ்டிக் கொஞ்சம் அசைந்தாலும் வால் அசைவது மிகக் குறைவாகவே இருக்கும். அதே ரிமோட்டை லேப்டாப்பில் மாட்டி, கேம் மாதிரி ஓட்டிப் பழகச் சொன்னேன். அண்ணாச்சி விடாமல் பழகினார். திரையில் பல விமானங்கள் விழுந்தன. நாளாக ஆகக் குறைந்தன.

3. ராகுகாலம்

ஒரு சனிக்கிழமை காலை, கோடாங்கிபட்டிப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்குப் போனோம். அண்ணாச்சி, அக்கா, அக்காவின் தம்பி தங்கவேலு, நான். தங்கவேலு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

விமானத்தைக் காரின் பானட்டில் வைத்ததும் அக்கா பூசைத் தட்டை எடுத்தார். புது வண்டிக்கு எப்படிச் செய்வார்களோ அப்படித்தான். எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். பழம் விமானத்தைவிடக் கனம். அக்கா பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு, அதையும் சேர்த்துச் சந்தனத்தில் ஈடுகட்டினார். மூக்கு முழுக்கக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம்.

விரலில் தூக்கிப் பார்த்தேன். மூக்கு தாழ்ந்தது. சாமி சந்தனத்தைத் துடையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒட்டினேன். மட்டமாக நின்றது. அண்ணாச்சி ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"இருங்க, ராகுகாலம் பொறந்துருச்சு. முடியட்டும்" என்றார் அக்கா.

வரப்பில் உட்கார்ந்து ராகுகாலம் முடியக் காத்திருந்தோம். இட்லி சாப்பிட்டோம். விமானம் பானட்டில் வெயில் காய்ந்தது.

நேரம் வந்ததும் நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி மோட்டாரை முடுக்கினார். கையிலிருந்து விட்டேன். இரண்டு ஆள் தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக எழுந்து, அப்படியே நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து வரப்பில் விழுந்தது. மட்டையை ஒடிப்பது போலச் சத்தம் கேட்டது.

தங்கவேலு பேசினார்.

"கை நடுங்கிருச்சோ அத்தான்? பரவால்ல. நீங்க வீட்டுல ஓய்வா இருங்க, கடைய நான் பாத்துக்கிறேன்."

அண்ணாச்சி ரிமோட்டைக் காரின் மேல் வைத்தார். வலது கை துண்டுக்குள் போனது. எனக்கு அழுகை வந்தது. வேலை பார்க்கும் இடத்தில் அழக்கூடாது என்று ஓடிப்போய் விமானத்தை எடுத்தேன்.

கை நடுங்கியிருந்தால் அது இடம் வலமாக நெளிந்திருக்கும். இது நெளியவே இல்லை, நேராக எழுந்தது. விரலில் தூக்கிப் பார்த்தேன். வால் தொப்பென்று இறங்கியது. மூக்கைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த சந்தனம் வெடித்து, மோட்டார் அதிர்வில் பாளம் பாளமாக உதிர்ந்துபோயிருந்தது. ஈரச் சந்தனத்தை நம்பி நான் பின்னால் தள்ளிய பேட்டரி மட்டும் தள்ளிய இடத்திலேயே விசுவாசமாக இருந்தது.

"அண்ணாச்சி, இது கை இல்ல. சந்தனம்."

"என்னது?" என்றார் அக்கா.

விரலில் நிறுத்திக் காட்டினேன். தட்டில் மிச்சமிருந்த ஈரச் சந்தனத்தை மூக்கில் அப்பினேன், மட்டமாக நின்றது. வழித்தெடுத்தேன், வால் இறங்கியது. தங்கவேலு குனிந்து பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்ப அவுக கை இல்லயே?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"சந்தனம்னா சந்தனமாவே இருக்கட்டும். எம்மேலயே பழியப் போடு, தங்கச்சி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, நான் இதில் படித்த பாடம் இதுதான். விமானம் விழுந்தால் ஓட்டியவர் முகத்தைப் பார்க்காதீர்கள், முதலில் CG பாருங்கள். பூசை போட்ட விமானம் என்றால் சந்தனம் நன்றாகக் காயும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.

இறக்கையில் ஒரு நீளக் குச்சி ஒடிந்திருந்தது. ஒட்ட என் கை போனது. அண்ணாச்சி தடுத்தார்.

"நான் கட்டுனது. குடு, ஆத்தா."

இடது கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. ஊதுபத்தியின் மூங்கில் குச்சியை அளவாக ஒடித்து, வலது கை விரல்களால் ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பசை விட்டார். கை நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. பசை சரியான இடத்தில் விழுந்தது. தங்கவேலு பார்த்துக்கொண்டே நின்றார்.

பேட்டரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். அக்கா குங்குமத்தை மட்டும் ஒரு சிட்டிகை தொட்டு வைத்தார். கையிலிருந்து விட்டேன்.

விமானம் போனது. வயல் முடிவில் திரும்ப வேண்டிய இடத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு திரும்பியது. எங்கள் தலைக்கு மேலாக ஒரு வட்டம். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வட்டத்தில் அண்ணாச்சி மோட்டாரைக் குறைத்து, பக்கத்து வெங்காயக் காட்டில் இறக்கினார். வெங்காயத்துக்கோ விமானத்துக்கோ சேதம் இல்லை.

ரிமோட்டை என்னிடம் நீட்டினார். பிறகு வலது கையைத் தங்கவேலு முன்னால் விரித்தார். கட்டைவிரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மாப்ள, கடைச் சாவியக் குடு."

தங்கவேலு இரண்டு பையையும் தடவினார்.

"வீட்டுல இருக்கு அத்தான்."

"அப்ப வண்டியில ஏறு. ஒன் வீட்டுக்குப் போவோம்."