விரதத்தோடு ஏறிய மலை

மலாக்காவில் மலை கிடையாது. எங்கள் வீடு டுரியான் துங்காலில். அணைக்கட்டின் கரையும் செம்பனைத் தோட்டத்து மேடுகளும்தான் எங்களுக்கு இமயம். ஏர்கோன் குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத உடம்பை வைத்துக்கொண்டு, நேப்பாளத்தில் மேகத்துக்கு மேலே நடக்கும் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தோம், நானும் என் வீட்டுக்காரரும். ஆசை என்னுடையது, அவர் துணைக்கு வந்தவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அவரைக் குறை சொல்லக்கூடாது. குறை சொல்ல நான் ஒருத்தி போதும்.

அது ஜோடிப் பந்தயம். வழியிலுள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் இருவரும் சேர்ந்துதான் கடக்க வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் தனியாக ஓட்டிப் போகலாம், தடுக்க மாட்டார்கள். ஆனால் பதக்கம் கிடையாது. எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்டு ஷிப்டாக நின்று தேய்ந்த முழங்கால், இன்னொரு வருஷம் தாங்காது என்று எனக்கே தெரியும். "இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்று கேட்ட என் நாத்தனார் வந்து உட்காரும் ஹாலில், அவர் கண்ணுக்கு நேராக அதை மாட்ட வேண்டும். அவ்வளவுதான். பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு மலை ஏறுவதென்றால் தெரிந்த வழி ஒன்றுதான். காவடி தூக்குகிறவன் என்ன செய்வான்? கவிச்சியை நிறுத்துவான், ஒரு வேளை சாப்பிடுவான், தரையில் படுப்பான். பத்துமலைப் படியில் அப்படித்தான் ஏறினார் என் வீட்டுக்காரர். பந்தயத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே விரதத்தை ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, திரும்பி வந்து பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரை வரை ஓட்டிப் போவோம். ரோட்டோர ஒட்டுக்கடையில் நான் தேங்காய் ஷேக்கை உறிஞ்சுவேன். அவர் பச்சைத் தண்ணீர் போத்தலோடு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சைக்கிள் மிதிக்கிறவன் நல்லா சாப்பிடணுங்க. இது காவடி இல்ல."

"சாமி பாத்துக்கும்லா."

சாமி எதைப் பார்த்துக்கொள்ளும், தொடைச் சதையையா? கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜென்மம் அது. போட்டிருந்த சட்டை வாரத்துக்கு வாரம் தொளதொளத்துக்கொண்டே போனது.

மலைக்குப் போய்ச் சில நாட்கள் தங்கி உடம்பைப் பழக்கினோம். அங்கேயும் ஒரு வேளை சோறும் பருப்பும்தான். அந்த உயரத்தில் யாருக்குமே சரியாகப் பசிக்காது என்பது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. பந்தயத்தன்று விடிகாலையில், நான் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். நம்பினேன்.

ஏற்றத்தின் தொடக்கம் பரவாயில்லை. அதற்கு மேல் காற்று தீர்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதி நெஞ்சோடு நின்றுவிடும். கால் மிதிக்கத் தயார்தான், ஆனால் தலை கிறுகிறுத்தது. இறங்கித் தள்ளினேன். கொஞ்சம் தள்ளுவது, ஹேண்டில் மேல் கவிழ்ந்து நிற்பது, மறுபடி தள்ளுவது. ஒவ்வொரு வளைவிலும் அவருக்காகக் காத்திருந்தேன். பின்னால் புறப்பட்ட ஜோடிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனுஷனால் என் பதக்கம் போகப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

கணவாய்க்குக் கீழே இருந்த கடைசிச் சாவடியில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அங்கிருந்த மருத்துவப் பெண் அவர் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தாள். உடனே முகத்தில் ஆக்ஸிஜன் குழாயை வைத்தாள். ஜீப்பில் கீழே இறக்கிவிட வேண்டும், இதற்கு மேல் விடமுடியாது என்றாள். நான் பையிலிருந்து சாக்லேட்டைப் பிரித்து நீட்டினேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"இதாவது சாப்பிடுங்களேன், என்னங்க. காலையில சாப்பிட்டது எங்க பத்தும்?"

"காலையில சாப்பிடல."

"என்னது?"

"பால்குடம்லாம் இல்ல. நீ முடிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு நீ கடைசிக் கோட்டைத் தாண்டுற வரைக்கும் வாயில ஒன்னும் வைக்க மாட்டேன்னு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குளிரிலும் காது சுட்டது.

"யாரு கேட்டா உங்கள? உங்க வேண்டுதலாலதானே இப்ப ஜோடியே போச்சு!"

"ஜோடிக்கா வேண்டிக்கிட்டேன்? உனக்குத்தான். நீ போலா. நீ இங்கயே நின்னுட்டா இத்தன நாள் பட்டினியும் வீணு."

மருத்துவப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் பார்த்துக்கொள்வதாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஜீப் வந்து அவரை ஏற்றும்வரை நின்றேன். பிறகு போனேன்.

பதக்கம் இல்லை என்று தெரிந்த பிறகு ஏறும் களைப்பு வேறு மாதிரி. வலிப்பது எதற்கு என்று கால் கேட்கிறது. கணவாய் உச்சியில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. ஒருமுறை விழுந்தேன், முழங்கை கிழிந்தது, எழுந்து மறுபடி ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த மூச்சை மிச்சம் பிடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்.

கோட்டைத் தாண்டியபோது என் எண்ணைப் பார்த்த ஆள், பதக்கம் தொங்கிய கம்பிப் பக்கம் போகவில்லை. தோளைத் தட்டி, ஒரு குவளை தேநீர் மட்டும் கொடுத்தார். அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மருத்துவக் கூடாரத்துக்கு நடந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தார். முகம் தேறியிருந்தது. பக்கத்தில் வைத்திருந்த சூப் தொடாமல் ஆறிப்போயிருந்தது.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

கண்ணை மூடி நெஞ்சில் கைகூப்பினார். பிறகு என் கையிலிருந்த குவளையைப் பார்த்தார்.

"பசிக்குது," என்றார்.

ஒன்றரை மாதத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.